முதல் அரை மாரத்தானுக்கு எந்த ஷூ? கால் நகம் கறுத்துவிட்டது, வழி சொல்லுங்கள்

தேன்மொழி_வேளச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். வயது 36, எட்டு மாதமாக ஓடுகிறேன். வார நாட்களில் வீட்டைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில். ஐந்து கி.மீ.யில் தொடங்கி இப்போது பத்து வரை வந்திருக்கிறேன். பத்தை முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஓடப் பதிவும் செய்துவிட்டேன்.

பிரச்சினை ஷூதான். எனக்கு எப்போதும் யூகே 5. அதே அளவில் ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினேன். ஐந்து கி.மீ. வரை ஒன்றும் தெரியாது. எட்டைத் தாண்டினால் வலது காலின் இரண்டாம் விரல் முன்னால் போய் இடிக்கத் தொடங்கும். போன வாரம் அந்த நகம் முழுக்கக் கறுத்துவிட்டது. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வேறு.

ஒரு கடைக்குப் போனேன். டிரெட்மில்லில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு வீடியோ எடுத்தார்கள். "உங்கள் கால் உள்பக்கம் சாய்கிறது, ஓவர் ப்ரொனேஷன், ஸ்டெபிலிட்டி ஷூ போடாவிட்டால் முட்டி போய்விடும்" என்று பயமுறுத்தி, 13,000 ரூபாய் ஷூ ஒன்றைக் காட்டினார்கள். போட்டுப் பார்த்தால் உள்ளங்காலில் கட்டை வைத்த மாதிரி இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். கூட ஓடுகிற ஒருவர், சோலுக்குள் கார்பன் தகடு வைத்த கார்பன் பிளேட் ஷூ வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் வெறுங்காலில் ஓடுவதுதான் இயற்கை என்கிறார். என்னால் எட்டாயிரம் வரை செலவழிக்க முடியும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

வேக_நடை

நைக்கி பெகாசஸ் எடுங்கள். நான் மூன்றாவது ஜோடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1983இல் இருந்து வருகிற வரிசை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மெரினா_விடியல்

தேன்மொழி, மாடல் பெயரைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையுமே அளவுத் தொல்லை. நகம் கறுப்பது நீளம் போதாததால். சுண்டுவிரல் கொப்புளம் அகலம் போதாததால். இதைச் சரிசெய்யாமல் எந்தக் கம்பெனி ஷூ வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு வெள்ளைத்தாளைச் சுவரை ஒட்டித் தரையில் போடுங்கள். ஓடும்போது போடுகிற சாக்ஸோடு, குதிகால் சுவரைத் தொடுகிற மாதிரி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளக்கக் கூடாது. உடம்பின் எடை இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரியும். மிக நீளமான விரல் எதுவோ, அதன் நுனியில் கோடு போடச் சொல்லுங்கள். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். நீங்களும் அந்த வகை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலை வைத்து ஷூ எடுக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய ஷூவையும் அந்த சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். புது ஷூவைப் போட்டு எழுந்து நின்று, நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டை விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள் கொஞ்சம் முன்னால் சரிகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் கால் வீங்கவும் செய்யும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த இடம் இல்லாவிட்டால் நகம்தான் அடி வாங்கும்.

அகலம் பார்க்க இன்னும் எளிய வழி இருக்கிறது. உள்ளே இருக்கிற மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரலோ பாதத்தின் ஓரமோ மெத்தையைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஒடுக்கம். விற்பவர் "போடப் போட இளகிவிடும்" என்பார். தோல் செருப்புக்கு அது பொருந்தும். ஓட்ட ஷூ முதல் நிமிடமே சுகமாக இல்லையென்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் லேஸ். ஷூவின் மேல் விளிம்பில், கணுக்காலுக்குப் பக்கத்தில், கடைசியாக ஒரு துளை காலியாக இருக்கும். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வெளியிலிருந்து அந்தத் துளைக்குள் விட்டு, அதே பக்கத்தில் சின்ன வளையமாக விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படி வளையம் செய்த பிறகு, வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் கச்சென்று உட்கார்ந்துகொள்ளும், விரல் முன்னால் போய் இடிக்காது. என் முதல் முழு மாரத்தானில் மூன்று நகம் போனது. ஓட்டக்காரன் என்றால் நகம் போகத்தான் செய்யும் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அரை சைஸ் கூட்டி, லேஸை இப்படிக் கட்டத் தொடங்கிய பிறகு இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நகம்கூடப் போகவில்லை.

தேன்மொழி_வேளச்சேரி

அண்ணா, அளந்துவிட்டேன். இடது 24.1 செ.மீ., வலது 24.6. நீங்கள் சொன்னதேதான், இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். இத்தனை வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. இப்போதைய ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தேன். யூகே 5, அதற்குப் பக்கத்தில் 24 செ.மீ. என்று போட்டிருக்கிறது. என் வலது கால் அதைவிடப் பெரியதா? இன்சோலை உருவி நின்றும் பார்த்தேன். சுண்டுவிரல் பாதி வெளியே நிற்கிறது.

ராணிப்பேட்டை_பேட்டர்ன்

தங்கச்சி, அந்தச் சீட்டில் மற்ற எண்களை விட்டுவிட்டு சென்டிமீட்டரை மட்டும் பாருங்கள். நான் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ ஆலைகளில் இருபது வருடமாக பேட்டர்ன் வேலை பார்க்கிறேன். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஷூ செய்ய முதலில் வேண்டியது லாஸ்ட். பாதத்தின் வடிவத்தில் பிளாஸ்டிக்கில் செய்த அச்சு அது. மேல்துணியை, நாங்கள் அப்பர் என்போம், சூடாக்கி அந்த அச்சின்மேல் இழுத்துப் போர்த்தி, அடியில் பசை தடவி, சோலை வைத்து அழுத்துகிறோம். அப்புறம் அச்சை உருவி எடுத்துவிடுவோம். ஷூவுக்குள் உங்கள் கால் போகிற அந்த இடம் முழுக்க அச்சின் வடிவம்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் அச்சு வேறு. ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். அதனால்தான் ஒரு யூகே 6 உங்களுக்குத் தாராளமாகவும் இன்னொரு யூகே 6 இறுக்கமாகவும் இருக்கிறது.

எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. யூகே முறையில் ஒரு சைஸுக்கு அடுத்த சைஸ் மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மி.மீ. அரை சைஸ் என்றால் நான்கு மி.மீ. சொச்சம். ஐரோப்பிய எண் ஒன்று கூடினால் 6.7 மி.மீ.தான் கூடும். ஆண்கள் யூகே 8ஐ நைக்கி அமெரிக்க அளவில் 9 என்று போடும், அடிடாஸ் 8½ என்று போடும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சென்டிமீட்டர் எண் மட்டும் இந்த ஷூ எத்தனை செ.மீ. காலுக்கு என்று நேராகச் சொல்கிறது. உங்கள் வலது கால் 24.6. ஆகவே 25இலும் 25.5இலும் ஒவ்வொரு ஜோடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளில் அது யூகே 6, 6½ ஆக இருக்கும்.

அகலத்துக்கு வருவோம். இதில் உங்கள் மேல் தவறே இல்லை. அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட நம் கால் அகலம் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. இந்தியக் காலுக்கென்று 'பா' என்ற தனி அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். கடைகளில் நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வெளிநாட்டு அச்சில் வார்த்த ஷூ. அகலம் போதாமல் நம் ஆட்கள் ஒரு சைஸ், இரண்டு சைஸ் நீளம் கூட்டி வாங்குகிறார்கள். அப்போது முன்பாதம் வளைய வேண்டிய இடமும் ஷூ வளைகிற இடமும் ஒத்துவராது, குதிகாலும் வழுக்கும்.

அகலத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, அகலமானது டி. ஆண்களுக்குச் சாதாரணமே டி, அகலமானது 2இ, அதற்கும் மேல் 4இ. நியூ பேலன்ஸ், அசிக்ஸ், ப்ரூக்ஸ் இவற்றில் அகல மாடல்கள் வரும், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைக்கவில்லையென்றால், அதே செ.மீ. அளவில் ஆண்கள் ஷூவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஆண்களின் சாதாரண டி அகலம் பெண்களுக்கு அகல ஷூ மாதிரிதான். நிறம் மட்டும்தான் உங்கள் விருப்பப்படி இருக்காது.

வேக_நடை

இருபது வருடம் வாங்கியும் எனக்கு இது தெரியாது. என் பெகாசஸ் சீட்டை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மேலே நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தேன்மொழி. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இயன்முறை_கோவை

நான் பிசியோதெரபிஸ்ட். ஓவர் ப்ரொனேஷன் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இந்தப் பயத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

பாதம் தரையில் பட்டதும் கொஞ்சம் உள்பக்கம் சாய்வது இயல்பு. அதிர்ச்சியை உடம்பு அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. சிலருக்குச் சாய்வு கூடுதல், சிலருக்குக் குறைவு. கூடுதலாகச் சாய்கிறவர்களுக்கு உள்பக்கம் கெட்டியான ஸ்டெபிலிட்டி ஷூ, உள்ளங்கால் வளைவு உயர்ந்தவர்களுக்கு மெத்தென்ற ஷூ என்று பிரித்துக் கொடுப்பது பல வருடப் பழக்கம். ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடம் பார்ப்பதும் அதற்காகத்தான்.

இதை அமெரிக்க ராணுவம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. தரைப்படை, விமானப்படை, மரீன் மூன்றிலும் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. இன்னொரு பிரிவில் வளைவு எப்படி இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வகை. காயங்களில் சொல்லிக்கொள்கிற மாதிரி வேறுபாடே வரவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்கு ஒரே மாதிரி சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடவில்லை. 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் தொகுப்பு அதுவரை நடந்த 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், வகை பார்த்து ஷூ கொடுப்பதால் காயம் குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஸ்டெபிலிட்டி ஷூ கெட்டது என்று சொல்லவில்லை. சிலருக்கு அது சுகமாக இருக்கும், அவர்கள் தாராளமாகப் போடலாம். உங்களுக்குக் கட்டை மாதிரி இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த உணர்வுக்கு மதிப்பு கொடுங்கள். கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இதே வேலையாக இருந்த ஆராய்ச்சியாளர் பென்னோ நிக் கடைசியில் சொன்னதும் இதுதான்: காலுக்கு எது சுகமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

என்னிடம் வருகிற ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஷூவால் வந்தவர்கள் இல்லை. மூன்று வாரத்தில் பத்து கி.மீ.யிலிருந்து பதினெட்டுக்குத் தாவியவர்கள். ஜனவரிக்கு நீங்கள் எப்படித் தூரத்தைக் கூட்டப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

பிளேட்_பிரியன்

கார்பன் பிளேட்டை யாரும் எடுத்துப் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 1:59:40இல் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்தது இந்த வகை ஷூவில்தான். நான் 1:38இல் அரை மாரத்தான் ஓடுகிறேன். பிளேட் ஷூ போட்ட முதல் போட்டியிலேயே இரண்டரை நிமிடம் குறைந்தது. மறுநாள் கால் வலியும் குறைவு. இது விளம்பரம் பார்த்துச் சொல்வதில்லை, என் கால் சொல்வது.

மெரினா_விடியல்

தம்பி, உங்களுக்குப் பலன் கிடைத்ததை மறுக்கவில்லை. உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலைப் போட்டிகளுக்கு சோல் உயரம் 40 மி.மீ.க்கு மேல் கூடாது, உள்ளே ஒரே ஒரு பிளேட்தான் என்று விதி கொண்டுவந்ததே அது வேலை செய்கிறது என்பதால்தான். ஆனால் நீங்கள் ஒரு கி.மீ.யை நாலே முக்கால் நிமிடத்துக்குள் ஓடுகிறவர். தேன்மொழி ஏழரை நிமிடம். வேகம் குறையக் குறைய அந்த ஷூ தருகிற துள்ளலின் பலனும் குறைகிறது. சோல் உயரமாகவும் மென்மையாகவும் இருப்பதால் கணுக்கால் ஆடும். நம் நடைபாதை ஓடுகளில், குழி மூடிய சாலைகளில் அது நல்லதில்லை. விலையும் இரண்டு மடங்கு. முதல் அரை மாரத்தானுக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பிளேட்_பிரியன்

அந்த வேகத்துக்கு அவசியம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. இரண்டு மணி நேரத்துக்குள் ஓடும் கட்டம் வரும்போது தேன்மொழி ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

மண்_வாசம்

அபெபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார். நம் தாத்தா பாட்டி செருப்பில்லாமல் வரப்பில் நடந்தவர்கள். காலுக்கு இல்லாத பலத்தை ஷூ எங்கிருந்து கொடுக்கும்? நான் இரண்டு வருடமாக மெரினா மணலிலும் மைதானத்திலும் வெறுங்காலில் ஓடுகிறேன், கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிட்டது.

இயன்முறை_கோவை

பிகிலா சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர். ரோமில் அவருக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அதனால் பழகியபடியே ஓடினார். அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார், உலகச் சாதனையோடு.

நீங்கள் இரண்டு வருடம் பொறுமையாகச் செய்ததால் உங்களுக்குப் பலன் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. முப்பது வருடம் செருப்பும் ஷூவும் போட்ட கால் இரண்டு மாதத்தில் அப்படி மாறாது. குதிகால் பக்கமும் முன்பாதப் பக்கமும் சோல் உயரத்தில் இருக்கிற வித்தியாசத்தை ட்ராப் என்பார்கள். பழைய பாணி ஷூக்களில் 10, 12 மி.மீ. இருக்கும். பல ஹோகா ஷூக்களில் 5 சுமாருக்கு வரும். ஆல்ட்ராவில் பெரும்பாலும் பூஜ்யம். ட்ராப் குறையக் குறையச் சுமை முட்டியிலிருந்து கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற அக்கிலிஸ் தசைநாருக்கும் இறங்குகிறது. திடீரென்று மாறினால் அந்தத் தசைநார்தான் முதலில் தகராறு செய்யும். தேன்மொழி, உங்கள் பழைய ஷூவின் ட்ராப் எவ்வளவோ, அதற்குப் பக்கத்திலேயே புதியதும் இருக்கட்டும். ஜனவரி முடிந்த பிறகு வேண்டுமானால் புல்தரையில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெறுங்காலில் ஓடிப் பாருங்கள்.

பண்ணைக்_காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சப்பாத்து என்றுதான் சொல்வோம். நல்ல ஓட்டச் சப்பாத்து இங்கே எடுப்பது கொஞ்சம் கஷ்டம், அதனால் வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்போம். நாலு வருஷத்துக்கு முன் மாமா கொண்டுவந்த ஒரு சோடியை, நல்லது என்று பெட்டியோடு அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். போன மாதம் எடுத்துப் போட்டுக்கொண்டு பண்ணை வீதியில் ஓடப் போனால், ஒரு கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி வீதியில் கொட்டிவிட்டது. திரும்பி வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்து வந்தேன். ஒரு நாள்கூடப் போடாத சப்பாத்து. இது போலிச் சாமானா?

ராணிப்பேட்டை_பேட்டர்ன்

போலி என்று சொல்ல முடியாது, தம்பி. அது பாலியூரித்தேன் சோலாக இருந்திருக்கும், சுருக்கமாக பியூ. காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பொருளின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். கடலோர ஊர்களில், மூடிய அலமாரியில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடிக்கடி போட்டுக்கொண்டிருந்தால் சோல் அழுந்தி அழுந்தி ஈரம் வெளியேறும், அதனால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். பத்திரப்படுத்தி வைப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

இப்போதைய ஓட்ட ஷூக்களில் நடுச்சோல் பெரும்பாலும் ஈவிஏ என்ற நுரை, அல்லது அதைவிட எடை குறைந்த பெபா. ஈவிஏ இப்படிப் பொடியாகாது. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. கடற்பஞ்சு மாதிரி இல்லாமல், உள்ளே லட்சக்கணக்கான மூடிய காற்றுக் குமிழிகள் இருக்கும். ஓட ஓட அவை நசுங்கி, திரும்ப எழுவது குறைந்துகொண்டே வரும். பொதுவாக 500லிருந்து 800 கி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடி ரப்பர் புதுசு மாதிரியே இருக்கும், மேல்துணியும் கிழிந்திருக்காது, ஆனால் நடுச்சோலின் பக்கவாட்டில் குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகாது. அப்போது ஓட்டத்துக்கு அது முடிந்துவிட்டது, நடக்கப் போட்டுக்கொள்ளலாம். ஆன்லைனில் பெரிய தள்ளுபடியில் கிடைக்கிற பழைய சரக்கு என்றால், தயாரித்த மாதத்தைச் சீட்டில் பாருங்கள்.

பண்ணைக்_காற்று

நன்றி அண்ணா. இனி வந்த அன்றைக்கே போட்டு ஓடப்போகிறேன்.

அம்பத்தூர்_அதிகாலை

ஷூவைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நான் சாக்ஸ் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் கோடை மாதத்தில் காலை ஐந்து மணிக்கு ஓடினாலும், ஏழாவது கி.மீ.யில் வேர்வை முழங்காலிலிருந்து வழிந்து ஷூவுக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பருத்தி சாக்ஸ் அந்தத் தண்ணீரை எல்லாம் குடித்துக் கனத்து, சுருண்டு, தோலை உரசும். கொப்புளத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பாலியஸ்டரோ நைலானோ கலந்த மெல்லிய ஓட்ட சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள், தேன்மொழி. என் அனுபவத்தில் எட்டாயிரம் ரூபாய் ஷூவைவிட முந்நூறு ரூபாய் சாக்ஸ் செய்த நல்லது பெரியது.

ஓடி வந்ததும் லேஸைத் தளர்த்தி, இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து விசிறிக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் பசை இளகும். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ஜோடி மறுநாளைக்குக் காயாது. அதனால் பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இயன்முறை_கோவை

அந்தக் கடைசி வரிக்கு ஒரு வலுவும் இருக்கிறது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வு ஒன்றில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஷூவும் காலை ஒவ்வொரு விதமாக வேலை வாங்குவது காரணமாக இருக்கலாம். ஆனால் தேன்மொழியின் பழைய ஜோடி சின்னது. அதை ஓட வைத்துக்கொள்ள வேண்டாம். வேறு ஜோடி பிறகு பார்க்கலாம்.

ஸ்ரீரங்கம்_அம்மா

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பையனுக்கு 12 வயது, பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறான். தட்டைப் பாதம். ஓடக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்கித் தந்திருக்கிறேன்.

இயன்முறை_கோவை

அம்மா, வலி இல்லையென்றால் ஓடட்டும். தட்டைப் பாதம் மட்டும் ஒரு நோய் இல்லை. பெருவிரல் நுனியை ஊன்றிக் குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்தால் கவலையே வேண்டாம். தெரியாவிட்டாலோ வலி இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இரண்டு சைஸ் பெரியது மட்டும் வேண்டாம், குதிகால் வழுக்கித் தடுக்கி விழுவான். கட்டை விரல் அகலம் இடம் விட்டு வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தேன்மொழி_வேளச்சேரி

நேற்று மாலை ஏழு மணிக்கு வேறொரு கடைக்குப் போனேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் ரொம்பப் பொறுமைசாலி. ஆறு ஜோடி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் இன்சோலை உருவி நான் அதன்மேல் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரும் தன் ஷூவைக் கழற்றி அதேபோல் நின்று பார்த்தார்.

முதல் மூன்றில் சுண்டுவிரல் வழிந்தது. நான்காவது அகலம் சரி, குதிகால் வழுக்கியது. ஐந்தாவது ஆண்கள் மாடல், 25 செ.மீ. விரல்கள் எல்லாம் தனித்தனியாக அசைந்தன, இது எனக்குப் புது அனுபவம். கடைசித் துளையில் லேஸ் கட்டியதும் குதிகாலும் உட்கார்ந்துவிட்டது. ஆறாவது அதே மாடலில் 25.5. கடைக்கு வெளியே நடைபாதையில் இரண்டையும் மாறி மாறிப் போட்டு ஓடிப் பார்த்தேன். 25இல் இரண்டாம் விரலுக்கு முன்னால் சுண்டுவிரல் அகலம்தான் இருந்தது. 25.5இல் கட்டை விரல் அகலம். அதையே எடுத்துக்கொண்டேன். போன வருட மாடல் என்பதால் 6,700 ரூபாய். ட்ராப் 8 மி.மீ., பழையதற்கும் இதற்கும் இரண்டு மி.மீ.தான் வித்தியாசம். சாம்பல் நிறம். ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன மாதிரி நிறம் மட்டும் என் விருப்பப்படி இல்லை. மீதிப் பணத்தில் சாக்ஸ் வாங்கிவிட்டேன்.

ராணிப்பேட்டை_பேட்டர்ன்

சந்தோஷம் தங்கச்சி. நாக்கின் உள்பக்கம் பேனாவால் இன்றைய தேதியை எழுதி வையுங்கள். எத்தனை கி.மீ. ஆச்சு என்று கணக்கு வைக்க உதவும்.

தேன்மொழி_வேளச்சேரி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இன்று காலை 16 கி.மீ. ஓடினேன். இயன்முறை சார் எச்சரித்ததை மனதில் வைத்து வாரத்துக்கு ஒரு கி.மீ. மட்டும் கூட்டினேன். தீபாவளி வாரம் வேலை நெருக்கியதால் தூரம் ஏறவே இல்லை, அதைக் காயம் இல்லாத ஓய்வாக எடுத்துக்கொண்டேன். கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. கறுத்த நகம் பாதி மேலே வளர்ந்துவிட்டது, அடியில் புது நகம் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. புது ஷூ 190 கி.மீ. ஓடியிருக்கிறது.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. போட்டி நாளுக்கு இதையே போடலாமா, அல்லது புதிதாக ஒன்று எடுக்க வேண்டுமா?

மெரினா_விடியல்

இதையேதான். ஜனவரிக்குள் முந்நூறைத் தாண்டியிருக்கும், அதன் நல்ல காலம் அதுதான். போட்டி நாளில் புதுசாக எதையும் போடாதீர்கள், சாக்ஸ் உட்பட. நேப்பியர் பாலத்துப் பக்கம் நிற்பேன், சாம்பல் நிற ஷூவைப் பார்த்தால் கை தட்டுகிறேன்.